கையில் வளர்ந்த சேவலா, கோழியோடு வளர்ந்த சேவலா?

முட்டைக்காக மட்டும் கோழி வளர்த்தால் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலும் பெட்டைகள் முட்டை இடும். அடை வைத்துக் குஞ்சு எடுக்கத்தான் சேவல் வேண்டும். ஆனாலும் எங்கள் கொல்லையில் எப்போதும் ஒரு சேவல் இருக்கும். வானத்தில் பருந்தைப் பார்த்தால் ஒரு குரல், தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு குரல் என்று அது எச்சரிப்பதை நம்பித்தான் கோழிகளை நாள் முழுக்க மேய விடுகிறோம். ஆனால் அதே சேவல் வீட்டுப் பிள்ளைகள் மேல் பாய ஆரம்பித்துவிட்டால் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் சேவல் எப்படி வளர்ந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பலரும் நினைப்பது, குஞ்சிலிருந்தே கையில் வைத்து வளர்த்தால் சாதுவாக இருக்கும் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருமுறை தாய்க்கோழியைக் கீரி பிடித்துவிட்டது. ஒரே ஒரு குஞ்சுதான் மிஞ்சியது. அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வளர்த்தோம். என் மகள் மடியிலேயே தூங்கும், அவள் கையில்தான் நொய் தின்னும். நான்கு மாதம் வரை அதைவிடச் செல்லமான ஒன்று கிடையாது. கூவத் தொடங்கியபின் முதலில் செருப்பைக் கொத்தியது, பிறகு ஒரு சிறகைத் தாழ்த்திக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தது. ஆறாம் மாதம் மகள் முதுகைக் காட்டித் திரும்பியதும் பாய்ந்து காலைக் கீறிவிட்டது.

அதைக் குறை சொல்ல முடியாது. தனியாக வளர்ந்த குஞ்சுக்கு நாம்தான் கூட்டம். இளஞ்சேவலுக்கு வயது வந்ததும் கூட்டத்தில் யார் பெரியவர் என்று மோதிப் பார்க்கும். அதற்குத் தெரிந்த கூட்டம் நாம்தான் என்பதால் நம்மோடுதான் மோதும். நம்மிடம் அதற்குப் பயமும் கிடையாது.

தாய்க்கோழியோடு வளர்வது வேறு மாதிரி. கோழியை மூடி வைக்கும் பஞ்சாரக் கூடைக்குள் தாயின் சிறகடியில் தொடங்கி, குப்பைமேட்டில் கிளறிப் பழகி, மூத்த சேவலுக்கு வழிவிட்டு நிற்கக் கற்றுக்கொள்ளும். வயது வந்த புதிதில் எல்லா இளஞ்சேவலும் முரட்டுத்தனமாகப் பெட்டைகளை மிதிக்க, அதாவது இணைசேரப் பார்க்கும். அனுபவமுள்ள பெட்டை ஒரே கொத்தில் விரட்டிவிடும்; மூத்த சேவலும் விடாது. அப்புறம்தான் அது ஒரு புழுவைப் பார்த்தால் தான் தின்னாமல் ‘குக் குக்’ என்று கூப்பிட்டு, இரையை எடுத்து எடுத்துக் கீழே போட்டுப் பெட்டைக்குக் காட்டப் பழகும். இந்தப் பாடத்தை நம்மால் சொல்லிக்கொடுக்க முடியாது. இப்படி வளர்ந்த சேவல் மடியில் வந்து உட்காராது; நான்கு அடி தள்ளியே நிற்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்த நான்கு அடிதான் நல்லது என்பது என் முடிவு.

சந்தையில் வளர்ந்த சேவலாக வாங்குவது மூன்றாவது வழி. உடனே குஞ்சு எடுக்கலாம் என்பது மட்டும்தான் இதில் லாபம். எப்படி வளர்ந்தது, ஏன் விற்கிறார்கள் என்று தெரியாது. ஆளைக் கொத்துகிற சேவலும் சந்தைக்குத்தான் வரும். வேகமாகப் பரவும் கோழிநோயான வெள்ளைக்கழிச்சலையும் கூடவே கொண்டு வரலாம் என்பதால் மூன்று வாரமாவது தனியாக அடைத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இனத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழி இனமான பெருவிடைச் சேவல் என்றால் பலருக்குப் பயம். அது இன்னொரு சேவலைக் கண்டால் விடாது. ஆளிடம் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ஆனால் இரண்டு சேவல் வைக்க முடியாது. சின்னக் கொல்லைக்குச் சின்ன உடம்புள்ள சிறுவிடை இனம் போதும். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை இருக்கட்டும். மூன்று நான்கு மட்டும் இருந்தால் மிதித்து மிதித்தே முதுகு இறகு போய்விடும்.

எந்தச் சேவலாக இருந்தாலும் நாம் நடந்துகொள்ளும் விதமும் சேர்ந்துதான் அதன் குணம். உதைப்பதும் குச்சியால் அடிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு. பயந்து ஓடினால் தான் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளும். நிதானமாக அதன் பாதையிலேயே நேராக நடந்தால் விலகிப் போகும். அப்படியும் எகிறினால் பிடித்து, சிறகு விரியாதபடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அடங்கும்வரை கொல்லையைச் சுற்றி வாருங்கள். மருந்து போடவோ கால் பார்க்கவோ பிடிப்பதானால் இருட்டிய பிறகு பிடியுங்கள், அசையாமல் இருக்கும். தீனியைக் கையில் ஊட்டாமல் தரையில் போடுங்கள். சின்னப் பிள்ளைகளின் முகம் சேவல் எகிறும் உயரத்தில் இருப்பதால், அவர்களை மட்டும் தனியாகக் கொல்லையில் விடாதீர்கள். அவர்களும் கோழிகளைத் துரத்தக் கூடாது.

இப்போது எங்களிடம் மூத்த சேவலுக்குக் கீழே மூன்று இளஞ்சேவல்கள் வளர்கின்றன. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம். வெள்ளைதான் அழகு, மகளுக்கும் அதன் மேல்தான் ஆசை. ஆனால் வாளியோடு போனால் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. செவலை ஒதுங்கி வழிவிடுகிறது. நேற்று ஒரு கரையானைக் கண்டுபிடித்துப் பெட்டைகளைக் கூப்பிட்டது. செவலையைத்தான் வைத்துக்கொள்வோம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.