பெரம்பூர் இசைத்தட்டுக் கடையில் ஒரு ஐரிஷ் குரல்

பெரம்பூர் ஸ்டேஷன் பக்கத்து சந்துல பழைய இசைத்தட்டுக் கடை ஒண்ணு இருக்கு. கடைக்கார பாய் எதையும் ஓடவிட்டுக் காட்டாம விக்க மாட்டார். நான் வாங்கினது ஜான் மெக்கார்மக்ங்கற ஓபரா (பாட்டாலேயே கதை சொல்ற மேடை நாடகம்) பாடகரோட தட்டு. 1884-ல அயர்லாந்துல அத்லோன் ஊர்ல பிறந்தவர். மிலான்ல படிச்சு, 1907-ல லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கு, 1909-ல நியூயார்க்னு மேடை ஏறினவர்.

தட்டுல இருக்கறது மொசார்ட்டோட 'டான் ஜியோவானி' ஓபராவுல வர்ற ஒரு பாட்டு, 1916 பதிவு. நடுவுல வர்ற அந்த நீள ஓட்டத்தை ஒரே மூச்சுல பாடுறார்! ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா, சுத்தமா விழுது. பிருகா ரசிக்கறவங்க இதுக்காகவே வாங்கலாம். கீறல் சத்தம் கொஞ்சம் உண்டு, குரலை மறைக்கல. விலை 700 ரூபாய். கிராமபோன் ஊசியும் அங்கயே கிடைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம், அதுக்கப்புறம் போங்க.