புவேர்த்தோ வயார்த்தா: கடலைப் பார்த்துக் குடிக்கலாம், சாப்பிடத் தெருவுக்குள் போகலாம்

மெக்சிகோவின் பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தில் இருக்கிறது புவேர்த்தோ வயார்த்தா. அங்கே போகிறவர்களில் பலர் தங்கும் ஹோட்டலிலேயே மூன்று வேளையும் முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சாப்பாடும் சரக்கும் சேர்த்துக் கட்டின பேக்கேஜ் என்றால், காசுதான் முன்கூட்டியே போய்விட்டதே, வெளியே இறங்க மனசு வராது. அவர்களை விட்டுவிடுவோம். குவாலே ஆற்றுக்குத் தெற்கே பழைய ஊரில் அறை எடுத்து, ராத்திரி எங்கே சாப்பிடுவது என்று யோசிப்பவர்களுக்குத்தான் இந்த அலசல்.

அந்தப் பகுதியை ஸோனா ரொமாந்திகா என்பார்கள். மேற்கே லோஸ் முவேர்தோஸ் கடற்கரை, அதையொட்டி ஓலாஸ் அல்தாஸ் தெரு, அங்கிருந்து கிழக்கே மலையடிவாரம் நோக்கிப் போகும் குறுக்குத் தெருக்கள். கடலிலிருந்து ஏழெட்டுத் தெரு உள்ளே நடந்தால் போதும். மேசையில் உட்கார்ந்திருக்கும் முகங்கள் மாறும், மெனுவில் ஆங்கிலம் குறையும், விலையும் இறங்கும். ருசி மட்டும் ஏறும். கடல் தெரியும் மேசைக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு தட்டில் வந்து சேர்வதில்லை என்பதுதான் என் கட்சி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அது கீழே வருகிறது.

மணல் மேசையா, தெரு வண்டியா

லோஸ் முவேர்தோஸில் வரிசையாகக் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டிருப்பார்கள். மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து. சொந்தத் துண்டை விரித்து யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நாற்காலிதான் கடைக்காரருடையது. அதில் சாய்ந்தால் குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்று பல கடைகளில் கணக்கு வைத்திருப்பார்கள். "கொன்சுமோ மினிமோ எவ்வளவு?" என்று உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. பில் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

அங்கே கிடைப்பது பெரும்பாலும் நாச்சோஸ், பர்கர், இறால் ஃப்ரை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்து வருகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது, காரமே தலைகாட்டாது. ஒரு பீரோ ஒரு இளநீரோ வாங்கிக்கொண்டு சூரியன் விழுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வயிற்றுக்கு வேறிடம் பார்த்துக்கொள்ளலாம். 1959 முதல் இதே கரையில் இருக்கும் லா பலாப்பா வேறு ரகம்: இரவில் மணலிலேயே மேசை, ஒழுங்கான சமையல், அதற்கேற்ற பில். கல்யாண நாள் மாதிரி ஏதாவது இருந்தால் போகலாம்.

விதிவிலக்கு என்று சொன்னது பெஸ்காதோ சரன்தியாதோ. பக்கத்து நயாரித் மாநிலம் இந்தக் கரைக்குக் கொடுத்த கொடை. சங்கரா இனத்து மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து புத்தகம் போல விரித்து, மிளகாய் விழுதும் எலுமிச்சையும் தடவி, கம்பி வலைக்குள் இறுக்கி, விறகுத் தணலில் வைத்து நிதானமாகச் சுடுவார்கள். தடவலில் சோயா சாஸ் சேர்ப்பவர்களும் உண்டு. இதற்குத் திறந்த வெளி, தணல், அரை மணி நேரப் பொறுமை மூன்றும் வேண்டும். கடற்கரையில்தான் மூன்றும் கிடைக்கும். அவசரப்படுகிறவர்களுக்குக் குச்சியில் செருகிச் சுட்ட மீனையும் இறாலையும் மணலில் நடந்தபடியே விற்பார்கள். எலுமிச்சை பிழிந்து, பாட்டில் மிளகாய்ச் சாஸைத் தெளித்துக் கையில் கொடுப்பார்கள். தணலிலிருந்து இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து வாங்கவேண்டும். சூடு ஆறியதை விட்டுவிடலாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் தெருதான். பாசிலியோ பாதீயோ தெருவில் பாஞ்சோஸ் தாகோஸ் என்ற கடை மாலையில் திறக்கும், திறந்ததுமே வரிசை நிற்கும். அங்கே எல்லோரும் கேட்பது அல் பாஸ்தோர் தாகோ, மெல்லிய சோள ரொட்டியில் சுட்ட கறியை வைத்துத் தருவது. லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா கம்பிதான் மூலம். ஆட்டுக்கறி போய்ப் பன்றிக்கறி வந்தது, மசாலாவில் அச்சியோத்தே என்ற சிவப்பு விதையும் காய்ந்த மிளகாயும் ஏறின. கம்பியின் உச்சியில் ஒரு அன்னாசி செருகியிருக்கும். கடைக்காரர் இடது கையில் சோளத் தோர்த்தியாவைப் பிடித்தபடி, கத்தியால் கறியைச் சீவி அதில் விழவைப்பார். கடைசியில் கத்தி மேலே எழும்பி அன்னாசியில் ஒரு சில்லு சீவும். அது பறந்து வந்து தாகோவின் நடுவில் விழும். பார்த்துக்கொண்டே இருக்கலாம், வரிசையும் மெல்ல நகர்ந்துவிடும். வரிசை ஒத்துவராதவர்கள் இன்னும் ஒன்றிரண்டு தெரு உள்ளே போனால், கம்பி சுழலும் வண்டிகள் இன்னும் இருக்கின்றன. ருசியில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பெயர் கிடைத்தவனுக்கு வரிசை, அவ்வளவுதான்.

பல வண்டிகளில் காசு கடைசியில்தான். எத்தனை தின்றாய் என்று கேட்பார், சொன்ன கணக்குக்கு வாங்கிக்கொள்வார். சாஸ் கிண்ணங்களில் சிவப்பைப் பார்த்து மிரண்டு பச்சையை அள்ளிவிடுகிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. பல கடைகளில் பச்சைதான் நாக்கைப் பதம் பார்க்கும்.

பகல் மீன், ராத்திரி கறி

இந்த ஊர்க்காரர்களுக்குக் கடலுணவு என்பது பகல் சாப்பாடு. நல்ல மாரிஸ்கோஸ் கடைகள் பல சாயங்காலமே கதவைச் சாத்திவிடும். காலையில் வந்த மீனை மாலைக்குள் விற்று முடிப்பதுதான் வழக்கம். நாரஞ்ஹோ தெருவில் மரிஸ்மா என்ற சின்னக் கடையில் மாவில் தோய்த்துப் பொரித்த மீன் தாகோவும் இறால் தாகோவும் கிடைக்கும். கூடவே முட்டைக்கோஸ், வெங்காய ஊறல், பல வகைச் சாஸ். கடலிலிருந்து நன்றாகவே உள்ளே தள்ளி இருக்கிறது, மதிய வெயிலில் நடக்கவேண்டும். நடக்கலாம்.

அகுவாச்சிலேயையும் பகலிலேயே முடித்துவிட வேண்டும். பச்சை இறாலை எலுமிச்சைச் சாற்றிலும் அரைத்த மிளகாயிலும் போட்டு உடனே பரிமாறுவது, சினலோவா பக்கத்துப் பண்டம். காரம் குறைந்த உணவையே தின்று நாக்கு செத்துப்போனவர்களுக்கு இதுதான் மருந்து. ஆனால் பச்சை இறால் என்பதால் கூட்டம் நிரம்பி வழியும் கடையாகப் பார்த்துத்தான் கேட்கவேண்டும்.

உயர்தர உணவகம் என்றால் மையப் பகுதியில் கஃபே தே அர்திஸ்த். சமையல்காரர் தியெரி ப்ளூவே 1990-இல் தொடங்கியது, பிரெஞ்சுச் சமையல் முறையில் மெக்சிகோ விளைபொருள். இறாலும் பூசணியும் சேர்ந்த சூப்புக்குப் பெயர்பெற்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஒரு ராத்திரி பில்லுக்கு ஒரு வாரம் தாகோ தின்னலாம் என்ற கணக்கு எனக்கு மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடாதவர்கள் தாராளமாகப் போகலாம்.

மார்கரித்தா, ரைசியா, தூபா

கரையோரக் கடைகளில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பலகை வைத்து விற்கிற மார்கரித்தா என்ற தெகீலா காக்டெயிலில் சர்க்கரைப் பாகுதான் அதிகம். தெகீலா வடிப்பது அகாவே என்ற, கற்றாழை மாதிரித் தெரியும் செடியில். பாட்டிலில் '100% அகாவே' என்று இல்லாவிட்டால், அதில் 49 சதவீதம்வரை வேறு சர்க்கரையிலிருந்து வந்திருக்கலாம். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. மறுநாள் தலைவலிக்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

அதே காசுக்கு ரைசியா குடிக்கலாம். இதுவும் அகாவேயில் வடிப்பதுதான், ஆனால் தெகீலாவின் நீல அகாவே இதில் சேராது. மலைப்பக்கத்திலும் கரைப்பக்கத்திலும் வளரும் வேறு இனங்கள். நெடுங்காலம் மலைக்கிராமங்களில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய நாட்டுச் சரக்கு. 2019-இல்தான் பிறப்பிடப் பாதுகாப்பு, அதாவது குறிப்பிட்ட வட்டாரத்தில் வடித்தால்தான் அந்தப் பெயர் என்ற உரிமை, கிடைத்து மரியாதை ஏறியது. மலை ரைசியாவில் புளித்த பழ வாசம் தூக்கலாக இருக்கும், முதல் மடக்கில் முகம் சுளிக்க வைக்கும். ஒரே மூச்சில் கவிழ்க்காமல் சொட்டுச் சொட்டாகக் குடித்தால் பிடிபடும்.

ஆனால் நம்மவர்களை நான் முதலில் அனுப்புவது மாலேகோன் நடைபாதையில் பெரிய சுரைக்குடுக்கையோடு நிற்கிற தூபாக்காரரிடம். தூபா என்பது வேறொன்றுமில்லை, தென்னம்பாளையைச் சீவி இறக்கிய சாறு. மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய கப்பல்களில் வந்த பிலிப்பினோக்கள் இந்தக் கரைக்குக் கற்றுக்கொடுத்த தொழில் இது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. வயார்த்தாவில் குழந்தைகளுக்குக்கூட அம்மாமார் தூபா வாங்கிக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் விற்பது புளிக்காத இளஞ்சாறு. பதநீர் குடித்த நாக்குக்கு ருசி சட்டென்று பிடிபடும். மேலே நறுக்கின ஆப்பிளும் கொட்டைப் பருப்பும் போடுவார்கள். ஆப்பிள் எனக்கு உறுத்தல்தான், போடாமல் கேட்டாலும் கொடுப்பார்கள். முற்பகலில் வாங்குவது உத்தமம். வெயில் ஏற ஏறச் சாறு தன் வேலையைக் காட்டத் தொடங்கிவிடும்.

சைவக்காரர்கள் கவனத்துக்கு

பீன்ஸ் மசியல் சைவம் என்று நம்பிவிடக்கூடாது. பல இடங்களில் பன்றிக்கொழுப்பில்தான் வதக்குவார்கள். சோறும் கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். "சின் மந்தேகா", அதாவது கொழுப்பு இல்லாமல் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். கள்ளிமடல் வதக்கல், பூசணிப்பூ அல்லது மிளகாய்க் கீற்று வைத்த கேசடீயா (சீஸ் வைத்து மடித்த தோர்த்தியா), புளித்தண்ணீர் இவற்றை வைத்துச் சமாளிக்கலாம். ஆம், அதே நம்ம ஊர்ப் புளிதான். அங்கே சர்க்கரை போட்டுக் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள்.

காசைப் பெசோவிலேயே கொடுப்பது லாபம், டாலர் கொடுத்தால் கடைக்காரர் சொல்வதுதான் மாற்று விலை. உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் 10 முதல் 15 சதவீதம் டிப்ஸ் வழக்கம். செப்டம்பர் மழையில் போகிறவர்கள் உணவகங்களுக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பவேண்டும். பலர் அந்த மாதம் அடுப்பை அணைத்துவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள்.