கெசிபோவா, மரத்தடித் திண்ணையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் ஃப்ளாட்டுகளுக்கு நடுவே ஒரு திடல் சும்மா கிடக்கிறது. சரிவான புல்தரை, பையன்கள் பந்து அடிப்பார்கள், அவ்வப்போது யாராவது உடைந்த சோபாவைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி நம் இந்திய வம்சாவளி ஆட்களை இந்தச் சரிவுகளுக்குக் கொண்டுவந்தபோது வீட்டைக் கட்டியவர்கள் நாலு பேர் கூடி உட்கார ஓர் இடத்தை யோசிக்கவில்லை. இப்போது நாமே அமைக்கலாம் என்று பேச்சு வந்ததும் குடியிருப்போர் குழு இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு கட்சிக்கு கான்கிரீட் படிக்கட்டு அரங்கமும் இரும்புத்தூண் கெசிபோவும் (கூரை போட்ட திறந்த மண்டபம்) வேண்டும். இன்னொரு கட்சி மரம், அதைச் சுற்றி முழங்கால் உயரத் திண்ணை, சரிவின் அடியில் மழைநீர் இறங்கும் பள்ளம் என்கிறது. நான் இரண்டாவது கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்காக கான்கிரீட்காரர்கள் சொல்வது எல்லாம் தப்பு என்று இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அடுப்புக் கூட்ட, அண்டா இறக்க, வரிசையாக உட்கார உறுதியான தரை வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் தாத்தா புல்சரிவில் என்ன செய்வார்? அரங்கம் திறந்த நாளே பயன்படும், மரமோ நிழல் தர ஐந்தாறு வருஷம் கேட்கும். இதெல்லாம் உண்மைதான்.

ஆனால் தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 200 சதுர மீட்டர் கான்கிரீட்டில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். அவ்வளவும் சரிவில் உருண்டு கீழ் ஃப்ளாட் வாசலுக்குத்தான் போகும். 2022 ஏப்ரலில் டர்பனைச் சுற்றிச் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, நானூறு பேருக்கு மேல் செத்துப்போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அன்றைக்குப் பெய்த மழையை எங்கள் பள்ளம் தடுத்திருக்காது, அப்படிச் சொன்னால் பொய். வருஷம் முழுக்க வருகிற சாதாரண மழையை அது பிடித்து மண்ணுக்குள் இறக்கும், அவ்வளவுதான் வேலை. தண்ணீர் வந்து சேரும் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, ஒரு சாண் ஆழம், அடியில் மணலும் மட்கும் கலந்த மண், சுவர்களிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி. கொசு வரும் என்று ஓர் அக்கா பயந்தார். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போல ஆகும், பள்ளம் இரண்டு நாளில் வற்றிவிட்டால் அதற்கு நேரமே கிடைக்காது.

அப்புறம் திருட்டு. இது தென்னாப்பிரிக்கா, இரும்பும் பித்தளையும் வைத்தால் அவை இருக்கும் என்று நம்ப முடியாது. பழைய இரும்பு ஏற்றுமதியையே அரசாங்கம் 2022 நவம்பர் இறுதியில் நிறுத்திவைத்தது, திருட்டு அந்த அளவுக்குப் போயிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பூங்காவில் கெசிபோ வந்த முதல் குளிர்காலத்திலேயே கூரைத் தகடு போனது, அடுத்து குழாய், கடைசியில் நாலு தூண் மட்டும் தூக்கு மேடை மாதிரி நின்றது. திண்ணையை யாரும் பெயர்த்துக்கொண்டு போய் எடைக்குப் போட மாட்டார்கள். ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், வயதானவர்களுக்கு முதுகுச்சாய்வும் கைப்பிடியும் வேண்டும், அதற்கு மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகையில் செய்த பெஞ்ச் இரண்டு போட்டால் போதும். அதற்கு எடைக்கடையில் மதிப்பில்லை.

எந்த மரம் என்பதில்தான் எங்கள் கட்சிக்குள்ளேயே சண்டை. சிரிங்கா வேண்டும் என்றார் ஓர் ஆயா, வேப்பிலைக்குப் பதில் அதைத்தானே அம்மனுக்குக் கட்டுகிறோம் என்று. ஆனால் அது இங்கே பரவித் தொல்லை தரும் அந்நிய மரங்களின் பட்டியலில் இருக்கிறது, புதிதாக நடக்கூடாது. உம்தோனி என்ற இந்த நாட்டு மரம் நம் நாவல் மரத்தின் உறவு, ஈரத்தில் சந்தோஷமாக நிற்கும், பழமும் ஊதா நிறம்தான், எனவே பள்ளத்தின் ஓரம் அதற்கு. திண்ணைக்கு என் ஓட்டு உம்சின்சி, அதுவும் இந்த நாட்டு மரம்தான். நம் கல்யாண முருங்கையின் தம்பி, பந்தக்காலுக்குக் கட்டுவோமே அதே இனம். கிளையை வெட்டி நட்டாலே துளிர்க்கும், குளிர்காலத்தில் இலை கொட்டி வெயிலை உள்ளே விடும், கோடையில் நிழல். தண்டில் முள் உண்டு, பிள்ளைகள் ஏறும் உயரம் வரை சீவிவிட வேண்டும்.

பாதுகாப்பைக் கேட்டார்கள், நியாயம். செடிகள் முழங்காலுக்கு மேல் வளரக்கூடாது, மரக்கிளை தலைக்கு மேல் இருக்க வேண்டும், நடுவில் ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிய வேண்டும். கெசிபோவின் இருட்டு மூலையைவிட இது மேல்.

பிள்ளைகள் சுற்றினால் தண்ணீர் ஏறும் ராட்டினம் வைக்கலாம் என்றும் ஒரு யோசனை. ப்ளேபம்ப் என்ற பெயரில் இந்த நாட்டிலிருந்துதான் கிளம்பியது, அதைப் பரப்ப 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். சொன்ன அளவு தண்ணீர் வர பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று அப்புறம் ஒரு பத்திரிகை கணக்குப் போட்டது. போதும்.

எங்கள் கட்சியின் உண்மையான பலவீனம் வேறு. டர்பனில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறட்சி, முதல் இரண்டு குளிர்காலம் கன்றுக்கு வாரம் இரண்டு வாளி ஊற்ற ஆள் வேண்டும். கான்கிரீட்டுக்கு யாரும் ஊற்ற வேண்டாம். இதற்கு ஃப்ளாட் கூரையில் இருந்து மழைநீர் பிடிக்க 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் டேங்க் ஒன்று வைத்து (50 சதுர மீட்டர் கூரைக்கு 50 மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும்), வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும். எட்டு வீடாவது பெயர் தராவிட்டால் நானே கான்கிரீட் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறேன்.

அண்டாவுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரு சின்ன தளமும் நடைபாதையும் போடலாம், நீர் இறங்கும்படி இடைவெளி விட்ட கற்களில். முதலில் மண் சோதனை. ஒரு அடி குழி தோண்டி நீர் நிரப்பி, மறுநாளும் தேங்கி நின்றால் பள்ளத் திட்டத்தை விட்டுவிட்டு வாய்க்கால் வெட்டுவோம். சனிக்கிழமை காலை நான் கடப்பாரையோடு வருகிறேன், அதற்குள் அந்தச் சோபாவை யாராவது எடுத்துவிடுங்கள்.