யூர்-லெக்ஸ்: எண்ணைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தங்கள், சட்டங்கள், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் அறிக்கைகள், லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்தின் தீர்ப்புகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் தளம் யூர்-லெக்ஸ். ஒன்றியத்தின் வெளியீட்டு அலுவலகம் நடத்துகிறது. கட்டணம் இல்லை, 24 மொழிகளில் இயங்குகிறது. படிப்பதற்குக் கணக்கு வேண்டாம். தேடல்களைச் சேமித்து வைக்க மட்டும் கணக்கு தேவை.

முகப்பில் இருக்கும் தேடுபெட்டிதான் இதன் பலவீனம். பட்ஜெட் பற்றாக்குறை என்று பொதுவாகத் தேடினால் நாடாளுமன்றக் கேள்விகள், காலாவதியான முடிவுகள், வரைவுகள் எல்லாம் கலந்து வந்து குவியும். விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கமே போகாமல், ஒவ்வொரு ஆவணத்துக்கும் உள்ள அடையாள எண்ணான செலெக்ஸ் எண்ணைத் தட்டுவார்கள். முதல் இலக்கம் ஆவண வகை: 1 ஒப்பந்தம், 3 சட்டம், 5 ஆணையத்தின் முன்மொழிவு போன்ற தயாரிப்பு ஆவணங்கள், 6 தீர்ப்பு. அடுத்து நான்கு இலக்க ஆண்டு. பிறகு எழுத்து: எல்லா நாட்டிலும் நேரடியாகச் செல்லுபடியாகும் ரெகுலேஷனுக்கு ஆர், ஒவ்வொரு நாடும் தன் சட்டமாக மாற்றிக்கொள்ள வேண்டிய டைரக்டிவுக்கு எல், முடிவுக்கு டி. கடைசியில் நான்கு இலக்க வரிசை எண். எண் சிறியது என்றால் முன்னால் பூஜ்யம் போட வேண்டும். 2024-இன் புதிய நிதி விதியான 2024/1263 ரெகுலேஷனுக்கு 3, 2024, ஆர், 1263 என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதினால் நேராக அந்தப் பக்கம் திறக்கும்.

இங்கே பலர் சறுக்குவது பழைய எண்களில். 2014 முடியும்வரை ரெகுலேஷனில் வரிசை எண் முதலில், ஆண்டு பிறகு, டைரக்டிவில் நேர்மாறு. 1177/2011 என்றால் 2011-இன் 1177ஆவது ரெகுலேஷன். 2011/85 என்றால் அதே ஆண்டின் 85ஆவது டைரக்டிவ். 2015 முதல் எல்லாவற்றுக்கும் ஆண்டுதான் முன்னால். இதை மாற்றிப் போட்டால் தளம் எதையும் காட்டாது, அல்லது சம்பந்தமே இல்லாத ஒன்றைக் காட்டும்.

தளத்தின் உண்மையான பலம் ஒருங்கிணைந்த பதிப்பு. திருத்தங்களை எல்லாம் மூலத்தோடு சேர்த்து, எந்தத் தேதியில் சட்டம் எப்படி இருந்தது என்று காட்டும். பற்றாக்குறையோ கடனோ எல்லை மீறிய நாட்டின்மீது எடுக்கும் 'அளவுமீறிய பற்றாக்குறை நடைமுறை'க்கான 1467/97 ரெகுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பக்கத்தைத் திறந்தால் 1997-இன் வாசகம் வரும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 60 சதவீதத்துக்கு மேலுள்ள அரசுக் கடனை ஆண்டுக்குச் சராசரியாக இருபதில் ஒரு பங்கு வேகத்தில் குறைக்க வேண்டும் என்ற விதி அதில் இல்லை. அது 2011-இல் 1177/2011 மூலம் நுழைந்தது. 2011 டிசம்பர் 13 தேதியிட்ட பதிப்பில் அதைப் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 30 பதிப்பில் மறுபடி காணோம். 2024/1264 அதை எடுத்துவிட்டது. இன்று 90 சதவீதத்துக்கு மேல் கடனுள்ள நாடு ஆண்டுக்குச் சராசரியாக 1 சதவீதப் புள்ளி, 60-க்கும் 90-க்கும் இடையில் உள்ள நாடு அரை சதவீதப் புள்ளி குறைக்க வேண்டும் என்பது 2024/1263-இல் இருக்கிறது. பற்றாக்குறைக்கு 3 சதவீதம், கடனுக்கு 60 சதவீதம் என்ற எல்லைகளோ இந்த ரெகுலேஷன்களில் பிறந்தவை அல்ல. ஒப்பந்தத்தோடு இணைந்த 12ஆவது நெறிமுறையில் உள்ளவை. இருபதில் ஒரு பங்கு விதி இன்னும் உயிரோடு இருப்பதாக எழுதும் கட்டுரைகள் பலவும் தவறான தேதியின் பதிப்பிலிருந்து வந்தவைதான்.

ஒருங்கிணைந்த பதிப்புக்குச் சட்ட வலு கிடையாது. தளமே மேலே அதைச் சொல்லிவிடுகிறது. சட்டத்தின் நோக்கத்தைச் சொல்லும் முகவுரைப் பத்திகளும் பெரும்பாலும் அதில் இருக்காது. படிப்பதற்கு அது, மேற்கோளுக்குச் சட்டங்கள் முறைப்படி வெளியாகும் அதிகாரபூர்வ இதழ் என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்த இதழிலும் 2023 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாக வெளியாகிறது, தொடர் பக்க எண் இல்லை. பக்க எண் இல்லாமல் மேற்கோளை ஏற்காத ஆய்விதழ்கள் இன்னும் இருப்பது வேறு கதை.

ஆட்சிமுறை பற்றிய அடிப்படைகளுக்கு இந்தத் தளமே போதும். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 16ஆவது பிரிவில், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலில் முடிவெடுக்கத் தேவையான தகுதிப் பெரும்பான்மை: உறுப்பு நாடுகளில் 55 சதவீதம், மக்கள்தொகையில் 65 சதவீதம். ஆனால் அங்கே எந்த நாடு எப்படி வாக்களித்தது என்பதைக் கவுன்சிலின் சொந்தத் தளத்தில்தான் தேட வேண்டும்.

புதிய நாடுகளைச் சேர்க்கும் விரிவாக்கத்தில்தான் யூர்-லெக்ஸ் பாதி வழியில் விட்டுவிடுகிறது. சேரும் நிபந்தனையைச் சொல்லும், அதே ஒப்பந்தத்தின் 49ஆவது பிரிவு இருக்கிறது. பேச்சுவார்த்தையின் 35 அத்தியாயங்களை ஆறு தொகுதிகளாக்கும் வழிமுறையை முன்வைத்த 2020-இன் 57ஆவது ஆணைய அறிக்கை இருக்கிறது. ஆணையத்தின் ஆண்டு அறிக்கைகளும் இருக்கின்றன. நாடுவாரி மதிப்பீடு ஆணையப் பணியாளர்கள் தயாரிக்கும் ஆவணங்களாகத் தனியே வரும். பொது அறிக்கையை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் 'ஓரளவு தயார்', 'மிதமான அளவு தயார்' என்று அத்தியாயம்தோறும் வழங்கும் தரநிலைகள் கண்ணில் படாமலே போகும். அவற்றை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணை தளத்தில் இல்லை. கையால்தான் தொகுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, இழுபறி நடக்கும் இடமே இங்கே தெரியாது என்பது. சேர்க்கை ஒருமனதாக முடிவாகும் விஷயம். 2020-இல் வடக்கு மாசிடோனியாவின் பேச்சுவார்த்தையைப் பல்கேரியா தடுத்து நிறுத்தியதை, 2023 டிசம்பரில் உக்ரைன், மால்டோவாவுடன் பேச்சுவார்த்தை தொடங்கத் தலைவர்கள் முடிவெடுத்ததை எல்லாம் புரிந்துகொள்ள நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சிலின் முடிவுரைகளைப் படிக்க வேண்டும். அவை அந்த அமைப்பின் தளத்தில்.

டைரக்டிவ் பக்கத்தில் எந்த நாடு எந்த உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டியிருக்கிறது என்ற பட்டியல் உண்டு. நாடுகள் தாமே தெரிவித்தவை அவை. பட்டியலில் பெயர் இருப்பதால் சட்டம் சரியாக மாற்றப்பட்டுவிட்டது என்று பொருள் இல்லை.

மூன்று மொழிகளை அருகருகே வைத்துப் படிக்கும் வசதியை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் மழுப்பலாக இருக்கும் வாக்கியம் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ தெளிவாக இருப்பதுண்டு. பிழைதிருத்தங்கள் சில நேரம் ஒரு மொழிக்கு மட்டும் வருகின்றன, ஆகவே வாசகங்கள் முரண்பட்டால் அந்தச் சட்டத்தின் பிழைதிருத்தப் பட்டியலை முதலில் திறந்து பாருங்கள்.