பின் டயர் மட்டும் மாற்றினால் போதுமா? வேறு கம்பெனி டயர் போடலாமா?

150 சிசி வண்டிகளில் பின் டயர் பெரும்பாலும் 20,000 கிலோமீட்டர் வாக்கில் மொட்டையாகிவிடும். முன் டயரில் அப்போதும் பாதி பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) மிச்சமிருக்கும். வண்டியைத் தள்ளுவதும் பின்சக்கரம், ஆள் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பதும் பின்சக்கரம். அதனால் இரண்டு டயரும் ஒரே நாளில் தேய்வது அபூர்வம். பின் டயர் வாங்கக் கடைக்குப் போனால், முன்னால் ஓடுகிற அதே மாடல் ஸ்டாக்கில் இருக்காது. "ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கணும்ணே, இல்லைன்னா வண்டி ஆடும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார் பக்கத்துக் கடைக்காரர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

வண்டிக்குத் தன் டயரில் என்ன பெயர் அச்சிட்டிருக்கிறது என்று தெரியாது. டயரின் கட்டுமானம், வளைவு வடிவம், ரப்பரின் குணம், வயது ஆகிய நான்கும்தான் அதற்குத் தெரியும். இவை ஒத்துப்போனால் முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி என்று தாராளமாக ஓட்டலாம். ஒத்துப்போகாவிட்டால் ஒரே கம்பெனி டயர்களும் தகராறு செய்யும். எம்.ஆர்.எஃப். நைலோகிரிப் தினசரி ஓட்டத்துக்கான டயர். அதே கம்பெனியின் ரெவ்ஸ் ஸ்போர்ட்ஸ் வண்டிக்கானது. முன்னால் நைலோகிரிப்பையும் பின்னால் ரெவ்ஸையும் போட்டால் பெயர் ஒன்றுதான், குணம் வேறு. முன்னால் எம்.ஆர்.எஃப். ஸாப்பரும் பின்னால் மிஷலின் பைலட் ஸ்ட்ரீட்டும் அதைவிட நல்ல ஜோடி. ஏர் மாடுகள் ஒரே தொழுவத்தில் பிறந்திருக்க வேண்டாம், உயரமும் நடையும் ஒத்தால் போதும் என்பார்களே, அந்தக் கணக்குத்தான்.

கட்டுமானத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கச்சுவரில் அளவு எழுதியிருக்கும் இடத்தில் 100/80-17 (அகலம் 100 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 17 அங்குலம்) என்று கோடு மட்டும் இருந்தால் அது பயஸ். 140/60 ஆர் 17 என்று நடுவில் ஆர் எழுத்து இருந்தால் ரேடியல். பயஸில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும், பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். ரேடியலில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும், மேலே ஒரு பெல்ட் இருக்கும். பக்கச்சுவர் வளைந்து கொடுக்க, தரையைத் தொடும் பகுதி பட்டையாகப் படியும்.

இங்கே ஒரு விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். இரண்டையும் கலக்கவே கூடாது என்று கடைகளில் அடித்துச் சொல்கிறார்கள். ஆனால் யமஹாவின் எஃப்.இசட். வண்டி கம்பெனியிலிருந்தே முன்னால் 100/80-17 பயஸ், பின்னால் 140/60 ஆர் 17 ரேடியல் என்றுதான் வருகிறது. ஆர்-15 மூன்றாம் பதிப்பிலும் முன்னால் பயஸ், பின்னால் 140/70 ஆர் 17 ரேடியல். வண்டியை வடிவமைத்தவர்களே அப்படிச் சோதித்துப் போட்டிருந்தால் அந்தக் கலவை சரி. இதைத் தலைகீழாக்குவதுதான் தப்பு. முன்னால் ரேடியல் கூர்மையாகத் திரும்பும், பின்னால் பயஸ் அதற்கு ஈடு கொடுக்காமல் நெளியும். நகரத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் தெரியாது. நாற்கரச் சாலையில் 90-ஐத் தாண்டிப் பாதை மாறும்போது பின்பக்கம் ஒரு முறை அலைந்து அப்புறம்தான் நேராகும். எஃப்.இசட். வைத்திருப்பவர்கள் விலை குறைவு என்று பின்னாலும் பயஸ் போடுகிறார்கள். இரண்டும் பயஸ் என்பதால் ஆட்டம் இருக்காது, ஆனால் மழையில் சாய்க்கும்போது ரேடியல் தந்த பிடிப்பு கிடைக்காது. அந்த வண்டிக்கு ரேடியலே போடுங்கள்.

அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 63 பி (P) என்றால் அந்த டயர் 272 கிலோ தாங்கும், மணிக்கு 150 கிலோமீட்டர் வரை போகலாம். எஸ் என்றால் 180, எச் என்றால் 210. புதிய டயரில் இவை பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். குறையவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி முன் டயர். பின் டயரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், ஆபத்து இருப்பதோ முன்னால். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி வாலாட்டும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கக்கூட நேரம் கிடைக்காது. பட்டன் இருக்கிறதே என்று ஆறேழு வருடம் ஒரே முன் டயரில் ஓட்டும் வண்டிகள் நம் ஊரில் ஏராளம். வெயிலில் நின்று நின்று அதன் ரப்பர் கட்டையாகியிருக்கும். பக்கச்சுவரில் ஓவல் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பின் டயரோடு சேர்த்து முன் டயரையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். கட்டைவிரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் குழிந்து மெல்ல மேலே வரும், கெட்டுப்போனதில் நகம்தான் வளையும். பட்டன்களுக்கு இடையே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பேச்சே வேண்டாம்.

முன் டயரில் இன்னொரு சோதனை உண்டு. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, உள்ளங்கையை டயர்மேல் வைத்து முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போல் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால் பட்டன்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. காற்று குறைவாக ஓட்டியது, பிரேக்கை அழுத்திப் பிடிப்பது, தளர்ந்த ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) ஆகியவற்றால் வருவது இது. ஓடும்போது 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். பின்னால் புது டயர் போட்டதும் வண்டியின் உயரம் சற்று மாறுவதால் அந்த முனகலும் அதிர்வும் கூடுதலாகத் தெரியும். பழி வேறு கம்பெனிப் பின் டயர்மேல் விழும்.

ஸ்ப்ளெண்டர், ஷைன் போன்ற வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே 80/100-18 அளவு என்பதால், புதியதைப் பின்னால் போட்டுப் பழைய பின் டயரை முன்னால் தள்ளும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயர் முன்னால் போனால் திருப்பத்தில் ஹேண்டில் முதலில் அடம்பிடிக்கும், பிறகு சட்டென்று விழும். முன் டயரின் நீளவாட்டுக் கோடுகள் நேராக ஓடுவதற்கும் தண்ணீரை வெட்டுவதற்கும் அமைந்தவை. பின் டயரின் கட்டங்கள் தள்ளும் விசைக்கானவை. சில டயர்களில் இரண்டு அம்புக்குறி போட்டு, முன்னால் போட்டால் ஒரு திசை, பின்னால் போட்டால் எதிர்த்திசை என்று எழுதியிருப்பதும் இதனால்தான்.

வளைவு வடிவம் காகிதத்தில் எங்கும் இருக்காது. டயரைப் பக்கவாட்டில் நிறுத்தி, கண்ணால்தான் பார்க்க வேண்டும். உச்சி கூம்பியிருந்தால் வண்டி சட்டெனச் சாயும், உருண்டையாக இருந்தால் நிதானமாகச் சாயும். முன்னால் கூம்பியதும் பின்னால் பட்டையானதும் சேர்ந்தால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பக்கம் முந்திக்கொள்ளும், பின்பக்கம் பின்தங்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடிய பின் டயர் நடுவில் நாலு விரல் அகலத்துக்குத் தட்டையாகி, ஓரத்தில் புது டயரின் ரப்பர் முடிகள்கூட உதிராமல் நிற்கும். அதை மாற்றிப் புதியதைப் போட்டதும் வண்டி இலகுவாகச் சாயும். அது கோளாறில்லை, பழைய டயர்தான் இவ்வளவு நாள் மறித்துக்கொண்டிருந்தது.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற வண்டிகளில் முன்னால் முரட்டுப் பட்டன், பின்னால் தார்ச்சாலை டயர் என்று போடுகிறவர்கள், ஈரத் தாரில் முன் பிரேக்கின் பிடிப்பு குறையும் என்பதை மனதில் வைத்து இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

அளவை ஏற்றும் ஆசை பெரும்பாலும் தோற்றத்துக்காக வருவது. எஃப்.இசட்.டில் 140/60-க்குப் பதில் 140/70 போட்டால் டயரின் விட்டம் 600-லிருந்து 628 மி.மீ. ஆகிறது. ஒவ்வொரு கியரும் ஏறக்குறைய 4.7 சதவீதம் நீளும், பிக்கப் குறையும், பின்பக்கம் 14 மி.மீ. தூக்கும், மட்கார்டு இடைவெளி சுருங்கும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இரு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டு வேலை செய்கிற வண்டியில் ஒன்றை மட்டும் இப்படி மாற்றுவது நல்லதல்ல. பழைய கிளாசிக் 350-இல் 110/90-18-க்குப் பதில் 120/80-18 போடுவது வேறு கதை. விட்டத்தில் வித்தியாசம் 6 மி.மீ. மட்டுமே. 120/90-18 போட்டால் 18 மி.மீ. கூடிவிடும். ரிம் அகலமும் முக்கியம். 100/90-17-க்கு 2.15 அங்குல ரிம் போதும், 120/80-17-க்கு குறைந்தது 2.50 வேண்டும். குறுகிய ரிம்மில் அகலமான டயர் குடைக்காளான் மாதிரி உருண்டுவிடும், தரையைத் தொடும் பரப்பு அதிகரிக்காது. ரிம்மில் எம்.டி. (MT) என்று இருந்தால் ட்யூப்லெஸ்ஸுக்கானது. சாதாரண ஸ்போக் ரிம்மில் ட்யூப்லெஸ் டயர் போட்டாலும் உள்ளே ட்யூப் வைத்தாக வேண்டும்.

டயர் கலந்ததால் வண்டி ஆடுகிறது என்று வரும் புகார்களில் நிறைய, மாட்டிய விதத்தில் போய் முடிகின்றன. ரிம் விளிம்பை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். காற்றடித்த பிறகு அந்தக் கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் சக்கரம் வட்டமாக இல்லை என்று பொருள், 40-ஐத் தாண்டியதும் துள்ளும். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவ விடாதீர்கள். பிரேக் போடும்போது டயர் ரிம்மில் நழுவி, ட்யூப் வண்டியில் வால்வின் அடியைக் கிழித்துவிடும். டயரிலும் ரிம்மிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, 100 கிலோமீட்டர் கழித்துப் பார்த்தால் நழுவியதா என்று தெரிந்துவிடும்.

அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கட்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், டயரின் எடை குறைந்த இடம் அது. ட்யூப்லெஸ்ஸில் வால்வையும் கூடவே மாற்றுங்கள். பழைய வால்வு ரப்பர் வெடித்து மெல்லக் காற்று இறங்கும், பஞ்சர் என்று தேடித் தேடி அலுப்பீர்கள். பின்சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரு பக்கக் குறிகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். ஒரு கோடு பிசகினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்பையும் டயர் தலையில்தான் கட்டுவார்கள்.

புது டயரின் மேல்பரப்பு வழுவழுவென்றிருக்கும். முதல் 150 கிலோமீட்டர் ஈரத்தில் சாய்க்காமல், திடீர் பிரேக் போடாமல் ஓட்டுங்கள். காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். 150 சிசி வண்டிகளில் பொதுவாக முன்னால் 25 முதல் 28, பின்னால் 28 முதல் 33 பி.எஸ்.ஐ., துல்லியமான எண் செயின் கவர் ஸ்டிக்கரில் இருக்கும். பில்லில் டயரின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். பக்கச்சுவர் வீங்கினாலோ பட்டன் பிரிந்தாலோ கம்பெனியில் கிளெயிம் கேட்க அது உதவும்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் வளைவில் முன்பக்கம் தானாக உள்ளே விழுவதுபோல் இருந்தால் முதலில் முன் டயரின் காற்றைச் சரிபாருங்கள், அடுத்து ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட்டையும் வீல் பேரிங்கையும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் விழுந்தால் ஜோடி ஒத்துப்போகவில்லை. அப்போது மாற்ற வேண்டியது பெரும்பாலும் பழைய முன் டயரைத்தான்.