தோட்டமா, ரோட்டோரமா, டேங்கரா? கொங்குக்கு எரிவாயு வரும் வழிகள்

2025 ஜனவரி 3ஆம் தேதி, விடிவதற்கு முன்னால், கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் திரும்பிய ஒரு டேங்கர் லாரியின் பின்பகுதி கழன்று சாய்ந்தது. உள்ளே 18 டன் சமையல் எரிவாயு. கொச்சியிலிருந்து வந்த வண்டி. கசிவு நிற்கும்வரை தீயணைப்புக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் பூமிக்கடியில குழாயில வந்துட்டா இந்த வம்பே இல்லையே?" நியாயமான கேள்வி. கேட்டவருக்குத் தோட்டம் இல்லை. தோட்டம் உள்ள என் தாய்மாமா அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், வாயே திறக்கவில்லை.

இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அன்று கவிழ்ந்தது சமையல் எரிவாயு, நான் பேசப்போவது இயற்கை எரிவாயுவைப் பற்றி. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் தொழில்களுக்கு அது வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த வழியில் வர வேண்டும், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் தேவை. திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குள் நுழைந்தால் துணிக்கு முன்னால் விறகுதான் கண்ணில் படும். ஆள் உயரத்துக்கு அடுக்கிய கட்டைகள், ஓரத்தில் சாம்பல் மேடு. பாய்லர்காரர் கதவைத் திறந்து கட்டையைத் தள்ளும்போது பத்தடி தள்ளி நின்றாலும் முகம் சுடும். மழைக்காலத்தில் ஈர விறகு வந்துவிட்டால் நீராவி அழுத்தம் இறங்கும், சாயத்தொட்டியின் சூடு ஏறி இறங்கும், நிறம் தவறும். துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டருக்கு இன்னும் சீரான சூடு வேண்டும். அங்கே பர்னரில் எரிவாயு எரிந்தால் வால்வைத் திருகிச் சூட்டைப் பிடித்துவிடலாம். கோவையில் வார்ப்படப் பட்டறைகள், உதிரிபாகங்களுக்குச் சூடேற்றிப் பதம் கொடுக்கும் கடைகள், சி.என்.ஜி ஆட்டோக்கள் என்று பட்டியல் நீளும்.

வரத்தைப் பாருங்கள். மேற்கே கொச்சியில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் எல்.என்.ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயு, கையாளும் முனையம் 2013லேயே தயார். வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாததால் பல வருடம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட ஓடாமல் கிடந்தது. கொச்சி–மங்களூரு குழாய், 450 கி.மீ., 2021 ஜனவரியில்தான் திறந்தது. அதிலிருந்து கேரளத்தின் கூட்டநாட்டில் பிரியும் கிளைதான் வாளையார் வரை வந்து கோவையைத் தொடுகிறது. வடக்கே எண்ணூரில் அதே கொள்ளளவில் இன்னொரு முனையம் 2019இல் வந்தது. அங்கிருந்து பெங்களூரு போகும் தடத்தில் திருவள்ளூர்–பெங்களூரு பகுதி, 271 கி.மீ., 2022 மே மாதம் திறக்கப்பட்டது. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே விட்டுப்போன கண்ணிதான் கோவை முதல் கிருஷ்ணகிரி வரையிலான பகுதி. அந்த 323 கி.மீ. குழாய்க்கு 2024 ஜனவரி 2 அன்று திருச்சியில் அடிக்கல் நாட்டினார்கள். கொச்சி முனையத்தை நாட்டின் மற்றக் குழாய்களோடு கோக்கும் கண்ணியும் இதுதான்.

ஏன் இத்தனை தாமதம் என்றால், முதல் வழி தோட்டங்களுக்குள் போனது.

தோட்டத்து வழி

மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலின் பழைய திட்டப்படி, தமிழ்நாட்டில் 7 மாவட்டங்களில் 310 கி.மீ. குழாய் விளைநிலங்களுக்குள் போக வேண்டும். விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013இல் முதல்வர் ஜெயலலிதா, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று சட்டசபையில் அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. சட்டப்படி கெயில் ஜெயித்தது. தோட்டத்துக்காரர்களின் கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

பொறியாளர்கள் இந்த வழியை விரும்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு. நேர்கோடு, குறைந்த வளைவு, சுற்றிலும் ஆள் நடமாட்டம் குறைவு. ஒரு விபத்து என்றால் பாதிக்கப்படுவோர் எண்ணிக்கையும் குறையும். இதை நான் தள்ளிவிடவில்லை.

ஆனால் குழாய் பதிக்க நிலத்தில் உரிமை எடுக்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும், பட்டா மாறாது. 'பயன்பாட்டு உரிமை' மட்டும் போய்விடும். குழாய் போகும் அந்த நீளப் பட்டை நிலத்தில் மரம் வைக்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, கட்டடம் எழுப்பக்கூடாது. இதற்கு ஈடு, அந்தப் பட்டைக்குரிய நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், ஒரே ஒரு முறை. வெட்டும் மரத்துக்கும் சேதமாகும் பயிருக்கும் தனியாகக் கொடுப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டை அகலம் சுமார் 20 மீட்டர். உங்கள் தோட்டத்தை 100 மீட்டர் நீளத்துக்குக் கடந்தால் கிட்டத்தட்ட 50 சென்ட் போகிறது. தென்னையை 25 அடிக்கு ஒன்றாக வைப்பது நம் வழக்கம், ஏக்கருக்கு 70 மரம் வரும். ஆகவே 35 மரம். ஒரு மரம் வருடத்துக்கு 100 காய், காய்க்கு 15 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 52,500 ரூபாய். ஏக்கர் 50 லட்சம் போகிற இடம் என்று வையுங்கள், 10 சதவீதப்படி வருவது 2.5 லட்சம். ஐந்து வருடக் காய்க்கு ஈடு. தென்னை அறுபது வருடம் காய்க்கும். மர இழப்பீட்டைச் சேர்த்தாலும், அந்த இடத்தில் இனி எப்போதும் மரமே வைக்க முடியாது என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மஞ்சள், நிலக்கடலை, சோளம் போடலாம் என்பார்கள். போடலாம்தான். ஆள் கிடைக்காமல்தானே தென்னைக்கே மாறினோம்?

மாமா தோட்டத்தில் வேறொரு குழாயின் பட்டை உண்டு. தோப்புக்குள் நடந்தால் நிழல் திடீரென்று நின்று, நெடுக வெயில் விழும் ஒரு பாதை வரும். அந்தப் பக்கம் மறுபடி நிழல். வரப்போரம் அடையாளக் கல் நிற்கும். கிணற்றை ஆழப்படுத்தலாம், புதிதாக வெட்ட வேண்டுமென்றால் பட்டையைத் தாண்டிக் கிழக்கே போக வேண்டும், அங்கே ஊற்று இல்லை. டீக்கடையில் பேசாத மனிதர் வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "டவர்க்காரன் மாசா மாசம் வாடகை குடுக்கறான் மாப்ள. காத்தாடிக்காரன் குடுக்கறான். குழாய்க்கு மட்டும் ஒருக்கா குடுத்துட்டா ஆயுசுக்கும் முடிஞ்சு போகுதா?"

ரோட்டோரம்

கோவையிலிருந்து சேலம் வரை 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அங்கிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு 44ஆம் எண் சாலை. தடம் ஏற்கெனவே அரசு நிலம். விவசாயிகள் கேட்பது இதைத்தான், ஆதாரமும் கையில் வைத்திருக்கிறார்கள். புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் உயர் அழுத்த மின்தடம் தமிழ்நாட்டில் விளைநிலங்களுக்கு மேல் கோபுரங்களில் போகிறது. கேரளத்துக்குள் கடைசிப் பகுதியில் அதே தடம் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது. "அங்கே முடியும், இங்கே முடியாதா?" என்று கேட்பவரிடம் தொழில்நுட்பம் பேசி வாயடைக்க முடியாது.

இதன் சிக்கல்கள் வேறு விதம். சாலையை ஆறு வழியாக, எட்டு வழியாக அகலப்படுத்தினால் குழாயை இடம் மாற்ற வேண்டும். பெருந்துறை, பவானி, சங்ககிரி போன்ற ஊர்களை ஒட்டிக் கட்டடங்கள் நெருங்கிவிட்டன. மக்கள் நெருக்கம் கூடக்கூடக் குழாய்ச் சுவர் தடிக்க வேண்டும், அடைப்பு வால்வுகளும் நெருங்க வேண்டும். ஆளில்லாக் காட்டில் 32 கி.மீ.க்கு ஒரு வால்வு போதும், நெருக்கமான நகரத்தில் 8 கி.மீ.க்கு ஒன்று. தொப்பூர்க் கணவாயில் சாலைக்கே இடம் போதாது.

பயத்தையும் பேசியாக வேண்டும். 2014 ஜூன் 27, ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டம், 'நகரம்' என்ற பெயருள்ள கிராமம். கெயிலின் பழைய குழாய் ஒன்றில் கசிந்த வாயு விடியற்காலையில் தீப்பிடித்தது. இருபது பேருக்கு மேல் செத்தார்கள், வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. ஊரை ஒட்டிக் குழாய் போனால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த ஊர் ஒரு நெடுஞ்சாலை நகரம் அல்ல, தென்னந்தோப்பு சூழ்ந்த கிராமம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆபத்தைத் தீர்மானிப்பது குழாயின் வயது, துரு, பராமரிப்பு. ரோட்டோரம் என்றால் கசிவைக் கண்டுபிடிக்கும் ரோந்து வண்டி நேராகப் போய்ச் சேரும் என்பது என் பக்கத்து வாதம்.

செலவு கூடும். எவ்வளவு கூடும் என்று பேசுகிறவர்கள், தோட்டத்து வழியில் 35 தென்னைக்கான அறுபது வருடத்தைக் கணக்கில் எழுதுவதே இல்லை. அதை எழுதினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும்.

டேங்கர்

குழாயே வேண்டாம், லாரியில் கொண்டு வாருங்கள் என்பது மூன்றாவது வழி. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒரு டேங்கரில் சுமார் 17 டன் பிடிக்கும், மறுபடி வாயுவாக்கினால் 23,000 கன மீட்டருக்குப் பக்கம். ஒரு நாளைக்கு 10 லட்சம் கன மீட்டர் வேண்டுமென்றால் 43 டேங்கர், அதாவது முப்பது முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஒன்று, ராத்திரி பகலாக. கொச்சி–மங்களூரு குழாயின் கொள்ளளவோ ஒரு நாளைக்கு 1.2 கோடி கன மீட்டர். அதற்கு ஈடாக ஐந்நூறு டேங்கர் ஓட வேண்டும். சிலிண்டர் அடுக்கிய சி.என்.ஜி வண்டிகள் ஒரு நடைக்கு ஏற்றுவது இன்னும் குறைவு.

ஒரு தொழிற்பேட்டைக்கு, குழாய் வரும்வரை, அல்லது குழாய் எட்டாத ஊருக்கு டேங்கர் நல்ல ஏற்பாடு. ஒருவர் நிலத்தையும் தொடாது. ஒரு வட்டாரத்தையே அதை நம்பி நடத்த முடியாது. அவிநாசி ரோடு மேம்பாலம் நினைவிருக்கட்டும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்விடும், சமையல் எரிவாயு போலத் தரையில் தேங்காது என்பது உண்மைதான். உறைகுளிரில் கொட்டும் திரவத்திலிருந்து கிளம்பும் குளிர்ந்த வாயு மட்டும் முதலில் கொஞ்ச நேரம் தரையோடு தவழும்.

விறகிலிருந்து நேராக மின்சாரத்துக்குத் தாவலாமே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வேறு நிற்கின்றன. வெந்நீர் அளவுச் சூட்டுக்கு அது வரும், வரட்டும். ஸ்டென்டர் சூட்டுக்கு இன்றைய மின்கட்டணத்தில் யாரும் துணிய மாட்டார்கள்.

எவ்வளவு பெரிய குழாய்?

வழி பற்றிய சண்டையில் இந்தக் கேள்வி அடிபட்டுப் போகிறது. எனக்கு இதுதான் முக்கியம். குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதே அழுத்தத்தில் போகும் வாயு ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. தோண்டும் குழியோ, எடுக்கும் பட்டையோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. தேவை வளர்ந்த பிறகு கொள்ளளவைக் கூட்ட இரண்டு வழி: நடுவில் அழுத்தம் ஏற்றும் கம்ப்ரசர் நிலையம் கட்டலாம், இல்லையென்றால் பக்கத்திலேயே இன்னொரு குழாய் போடலாம். குஜராத்திலிருந்து வடக்கே போகும் ஹசிரா–விஜய்ப்பூர்–ஜெகதீஷ்பூர் குழாய் 1980களின் பிற்பகுதியில் வந்தது. அது போதாமல் போய், பின்னால் தஹேஜிலிருந்து விஜய்ப்பூருக்கு ஒன்று, அதற்கு இணையாக இன்னொன்று என்று போட்டார்கள். இணைக்குழாய் வந்தால் அதே விவசாயி மறுபடி குழியைப் பார்க்க வேண்டும். கம்ப்ரசருக்கு ஒரே இடத்தில் சில ஏக்கரை விலைக்கு வாங்கினால் போதும்.

ஆகவே முதலிலேயே பெரிதாகப் போட்டு, கம்ப்ரசருக்கு இடம் விட்டு வையுங்கள் என்பேன். இதற்கு எதிர்வாதம் கொச்சியிலேயே இருக்கிறது: ஆளில்லாமல் கிடந்த முனையம். பாதி காலியாக ஓடும் குழாயின் செலவு கொஞ்சப் பேர் தலையில் விழும். 2023 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த குழாய்க் கட்டணம் அந்தச் சுமையை நாடு முழுக்கப் பரப்புவதால், அந்த வாதத்தின் கூர் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது.

வாயுவின் விலையைக் குழாய் கட்டுப்படுத்தாது என்பதையும் சாயப்பட்டறைக்காரர்கள் அறிந்து இறங்க வேண்டும். 2022இல் உக்ரைன் போரில் எல்.என்.ஜி விலை ஏறியபோது, குஜராத்தின் மோர்பியில் டைல்ஸ் ஆலைகள் வாசலில் குழாய் இருந்தும் எல்.பி.ஜி வகை வாயுவான புரொப்பேனுக்கு மாறின. இயற்கை எரிவாயு இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. அதற்குக் கட்டும் வாட் வரியை வரவு வைத்துக்கொள்ள முடியாது, எல்.பி.ஜி.க்கு முடியும். இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் விறகு அடுக்கு குறையாது.

என் தேர்வு இது. நெடுஞ்சாலையில் அகலம் உள்ள இடமெல்லாம் ரோட்டோரம். ஊர் நெருங்கும் இடத்திலும் கணவாயிலும் மட்டும் விலகி நிலத்துக்குள் போகட்டும், அதுவும் முடிந்தவரை வேலியோரமாக, எல்லைக்கோட்டோடு. அப்படிப் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் பத்து சதவீதத்தோடு நிற்காமல், குழாய் ஓடும் காலம் முழுக்க ஆண்டு வாடகை, விலைவாசியோடு ஏறும் வாடகை. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். கொங்கின் எம்.பி.க்களிடம் சாயப்பட்டறைச் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஒரே மனுவோடு போகலாம். பாய்லர்க் கூடத்துக்கும் தென்னந்தோப்புக்கும் பல வீடுகளில் ஒரே குடும்பம்தான் சொந்தக்காரர்கள்.