கேம்பஸ் இன்டர்வியூவா, பிளஸ் டூ முடித்ததும் பயிற்சியா?

மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களைப் பிடிக்கும் இந்த இரண்டு வழிகளிலும் நேர்காணல் செய்திருக்கிறேன்.

கேம்பஸ் வேகமானது. ஆப்டிட்யூட் (தர்க்கம், கணக்கு), கோடிங், டெக்னிக்கல், எச்.ஆர். என்று சுற்றுச் சுற்றாக வைத்து ஓரிரு நாளில் நூற்றுக்கணக்கானோரைச் சலித்துவிடலாம். ஆனால் ‘60 சதவீத மதிப்பெண் வேண்டும், அரியர் கூடாது’ என்ற வடிகட்டி நல்ல கைகளையும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆஃபர் லெட்டர் வாங்கியவரும் வேலையில் சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சந்தை சரிந்தால் தேதி தள்ளிப்போகும்.

இன்னொன்று, ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2005 வாக்கில் தொடங்கிய வழி. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. தென்காசியிலும் வகுப்புகள் உண்டு. 2017-இல் வந்த, ஹெச்.சி.எல். நிறுவனத்தின் ‘டெக்பீ’ பயிற்சித் திட்டமும் இதே வகைதான், ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு.

இந்த இரண்டாவது வழியில் வந்த ஒரு பையன் ஆங்கிலக் கேள்விக்குத் திணறினான். தமிழில் கேட்டேன். தாளில் கட்டம் போட்டு, லூப்பின் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒவ்வொரு சுற்றிலும் எந்த மாறியில் என்ன மதிப்பு என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்து, பிழையிருந்த வரியைத் தொட்டுக் காட்டினான். கேம்பஸ் வடிகட்டியில் அவன் என் மேசைக்கே வந்திருக்க மாட்டான்.

ஐந்நூறு பேர் உடனே வேண்டுமென்றால் கேம்பஸ்தான். பத்தாண்டு நிலைக்கும் மென்பொருள் தயாரிப்பு ஒன்றை உருவாக்க என்றால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பெற்றோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டு வேலை விசாவுக்குப் பெரும்பாலும் பட்டம் கேட்பார்கள். வேலையோடு சேர்த்துத் தொலைநிலைக் கல்வியிலாவது பட்டப்படிப்பில் சேர்த்துவிடுங்கள்.